‘இண்டிகோ குழந்தைகள்’: வழக்கத்துக்கு மாறான குழந்தைகளைச் சுற்றி எழுந்த ஓர் ஆன்மிக நம்பிக்கை

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பில் உட்கார மறுக்கிறாள். மற்ற குழந்தைகள் வட்டமாக அமர்ந்து கைதட்டிப் பாடும்போது, அவள் மட்டும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, கண்ணாடியில் வழியும் மழைத்துளி அடுத்து எந்தப் பக்கம் இறங்கும் என்று விரலால் கோடு போட்டுப் பார்க்கிறாள். ஆசிரியர் அழைத்தால், “எல்லாரும் சேர்ந்துதான் பாடணுமா, ஏன்?” என்று கேட்கிறாள், அந்தக் கேள்வியில் துடுக்குத்தனம் இல்லை, விடை தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருக்கிறது. குழந்தை ஒத்துழைப்பதில்லை என்று மாலையில் தாயிடம் சொல்லப்படுகிறது. அன்றிரவு அந்தத் தாய் கைப்பேசியில் தேடத் தொடங்குகிறார். கண்ணில் படும் பல பதில்களுள் ஒன்று, அவருடைய மகளிடம் எந்தக் குறையும் இல்லை என்றும், மனிதகுலத்தை அடுத்த படிக்கு உயர்த்துவதற்காகவே பிறந்த ‘இண்டிகோ குழந்தை’ அவள் என்றும் கூறுகிறது.

இப்படியொரு சொல்லை முதன்முறையாக எதிர்கொள்பவர்களுக்கு, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, என்ன சொல்கிறது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால், இந்தச் சொல்லைத் தேடி வருபவர்களில் பலர், தம் குழந்தையைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர்கள். அவர்களுக்குக் கேலி எந்த விதத்திலும் உதவாது.

நம்பிக்கையின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மனிதரைச் சுற்றியும் சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளிவட்டம், அதாவது ஆரா, இருக்கிறது; அதன் நிறம் அந்த மனிதரின் இயல்பையும் பிறவி நோக்கத்தையும் காட்டுகிறது; 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவுரி நீல நிற ஒளிவட்டத்துடன் ஒரு புதுத் தலைமுறை பிறந்து வருகிறது; அக்குழந்தைகள் கூர்ந்த அறிவும் உள்ளுணர்வும் கொண்டவர்கள், அதிகாரத்துக்குப் பணியாதவர்கள், பழைய அமைப்புகளைத் தகர்த்துப் புதியவற்றுக்கு வழிவிட வந்தவர்கள். அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் கருநீலச் சாயத்தின் ஆங்கிலப் பெயரே இண்டிகோ என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது.

இந்தப் பெயரை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த நான்சி ஆன் டாப் என்ற பெண்மணி. மனிதர்களைப் பார்க்கும்போது தமக்கு நிறங்கள் தெரிவதாகக் கூறிய அவர், 1960களின் இறுதி முதலே சில குழந்தைகளிடம் அதுவரை தாம் கண்டிராத கருநீலத்தைக் காணத் தொடங்கியதாகச் சொன்னார். நிறங்களின் வழியே வாழ்க்கையைப் புரிந்துகொள்வது பற்றிய அவருடைய நூல் 1982இல் வெளிவந்தது. அவர் இக்குழந்தைகளை மனிதநேயர், கருத்தாளர், கலைஞர், பல பரிமாணத்தவர் என்று நான்காகப் பிரித்தார். மக்களோடு கலந்து பணியாற்றும் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் வரப்போகிறவர்கள் முதல் வகை. மனிதர்களைவிடத் திட்டங்களில் நாட்டம் கொண்ட பொறியாளர்கள் இரண்டாம் வகை. படைப்பாற்றல் மிக்க மென்மையானவர்கள் மூன்றாம் வகை. புதிய தத்துவங்களைக் கொண்டுவரப்போகிறவர்கள் நான்காம் வகை. இந்தப் பிரிவுக்கு, டாப் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிறு வட்டத்துக்குள் இருந்த இக்கருத்தைப் பரவலாக்கியது, லீ கரோல், ஜான் டோபர் என்ற இருவர் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ‘இண்டிகோ குழந்தைகள்’ என்னும் நூல். இவர்களுள் லீ கரோல், கிரையான் என்ற உடலற்ற சக்தி ஒன்று தம் வாய்வழியே பேசுவதாகக் கூறிவந்தவர். இன்று இணையத்தில் உலவும் அடையாளப் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த நூலிலிருந்தே கிளைத்தவை. தாம் அரச மரியாதைக்கு உரியவர் என்ற உணர்வோடு பிறப்பது, காரணம் சொல்லாத கட்டளைக்கு அடங்காதது, வரிசையில் நிற்க மறுப்பது, சடங்குபோல நடக்கும் வேலைகளில் எரிச்சல் கொள்வது, எதையும் இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று வழி சொல்வது, தம்மைப் போன்றவர்கள் இல்லாத இடத்தில் ஒதுங்கிப் போவது, குற்றவுணர்வைத் தூண்டிக் கண்டித்தால் மசியாதது, தமக்கு என்ன தேவை என்பதைக் கூச்சமின்றிக் கேட்பது ஆகியவை அந்த அடையாளங்கள்.

பின்னர் இந்த வரிசை நீண்டது. டோரீன் வெர்ச்சு என்ற எழுத்தாளர், இண்டிகோ குழந்தைகள் பழையதை உடைப்பவர்கள் என்றும், அவர்களுக்குப் பின்னால் வரும் ‘கிரிஸ்டல் குழந்தைகள்’ அன்பும் அமைதியும் நிறைந்தவர்கள் என்றும் எழுதினார். அதற்கும் அடுத்ததாக ‘வானவில் குழந்தைகள்’ என்ற மூன்றாம் அலையும் சேர்க்கப்பட்டது. இந்த எழுத்துகளைப் பெருமளவில் பரப்பிய வெர்ச்சு, 2017இல் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தழுவி, தம் பழைய போதனைகளைத் தாமே கைவிட்டார். நூல்களோ அவர் கையை விட்டு எப்போதோ போய்விட்டன.

ஏன் அமெரிக்காவில், ஏன் அந்தக் காலத்தில்?

1990களில் அமெரிக்கப் பெற்றோர்களை இரண்டு அச்சங்கள் பிடித்து ஆட்டின. கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு, அதாவது ஏ.டி.எச்.டி., இருப்பதாக அடையாளம் காணப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையும், அதற்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் மருந்தின் பயன்பாடும் அந்தப் பத்தாண்டில் பன்மடங்கு பெருகின. இன்னொரு பக்கம், பள்ளிகளில் மாணவர்களே நடத்திய துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தன. கரோல், டோபர் நூல் வெளிவந்த அதே 1999இல்தான், ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக்கொன்றனர். நம் குழந்தைகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற கலக்கம் நாடெங்கும் பரவியிருந்த வேளையில், ‘அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் புதியவர்கள்’ என்று ஒரு குரல் எழுந்தால் அது எவ்வளவு ஆறுதலாக ஒலித்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. இந்நம்பிக்கையைப் பற்றி 2009இல் எழுதிய ஆய்வாளர் சாரா வீடன், நோயாளிகள் என்றும் வன்முறையாளர்கள் என்றும் பார்க்கப்பட்ட குழந்தைகளின் மதிப்பை மீட்டுச் சொல்லும் முயற்சியாகவே இதை விளங்கிக்கொண்டார். அந்த வாசிப்பு சரியானது என்றே எனக்கும் தோன்றுகிறது.

வழக்கத்துக்கு மாறான குழந்தைக்கு மறைபொருள் காரணம் தேடுவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த பழக்கமும் அன்று. ஐரோப்பிய நாட்டுப்புறங்களில், நடையும் பேச்சும் மற்ற குழந்தைகளைப் போல அமையாத குழந்தையை, தேவதைக் குலத்தார் உண்மையான குழந்தையைத் திருடிக்கொண்டு அதற்குப் பதிலாக விட்டுச்சென்ற பிள்ளை என்று நம்பினார்கள். அந்தப் பிள்ளையைத் துன்புறுத்தினால் தேவதைகள் மனமிரங்கி உண்மைக் குழந்தையைத் திருப்பித் தருவார்கள் என்ற எண்ணத்தில், எண்ணற்ற குழந்தைகள் கொடுமைக்கு ஆளானார்கள். திபெத்திய பௌத்தத்திலோ இதற்கு நேர் எதிரான மரபு உள்ளது. மறைந்த குருவின் மறுபிறவியைத் தேடிச் செல்வோர், குழந்தையின் நடத்தையில் தெரியும் அசாதாரணக் குறிகளை நற்குறிகளாகக் கொள்கிறார்கள். 14ஆம் தலாய் லாமா இரண்டு வயதில் அவ்வாறு கண்டறியப்பட்டவர்தான். ஒரே வகையான வேறுபாட்டை ஓரிடத்தில் சாபமாகவும் மற்றோரிடத்தில் வரமாகவும் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் காணும்போது, அந்தப் பார்வையில் குழந்தையைவிடப் பார்ப்பவரின் உலகமே மிகுதியாகத் தெரிகிறது.

அடையாற்றுக் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட சிறுவன்

ஒளிவட்டத்தைப் பார்த்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லும் வழக்கத்தின் நேரடி முன்னோடி பிரம்மஞான சபை. ஹெலினா பிளவாட்ஸ்கி, கர்னல் ஆல்காட் முதலானோர் 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்தச் சபை, மனிதகுலம் மூல இனங்கள் என்ற படிகளின் வழியே ஆன்மிகமாகப் பரிணமிக்கிறது என்றும், அடுத்த படிக்குரிய மனிதர்கள் இனித் தோன்றுவார்கள் என்றும் கற்பித்தது. ‘மேம்பட்ட புதுத் தலைமுறை பிறந்துகொண்டிருக்கிறது’ என்ற இண்டிகோ கருத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அச்சபையின் முக்கியத் தலைவர்களுள் ஒருவரான சார்லஸ் லெட்பீட்டர், மனிதரைச் சூழ்ந்துள்ள நிறங்களைத் தாம் காண்பதாகக் கூறி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணத்தைப் பொருத்தி, 1902இல் வண்ணப் படங்களுடன் நூலே எழுதியிருந்தார்.

1909இல் அடையாற்றில், சபையின் தலைமையகத்தை ஒட்டிய கடற்கரையில், லெட்பீட்டர் ஒரு சிறுவனைக் கண்டார். தாயை இழந்தவன், மலேரியாவால் அடிக்கடி நலம் குன்றியவன், பள்ளியில் மந்தபுத்தி என்று பெயரெடுத்து, பாடம் ஒப்பிக்க முடியாமல் அடி வாங்கியவன். சபையில் எழுத்தராகப் பணியாற்றிய நாராயணய்யாவின் மகனான கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது 14 வயது. அவனுடைய ஒளிவட்டத்தில் சுயநலத்தின் துகள்கூட இல்லை என்று லெட்பீட்டர் அறிவித்தார். சிறுவனுக்குப் பாடங்களில் உதவியிருந்த சபையின் இளைஞர் ஒருவரால் இதை நம்பவே முடியவில்லை. ஆனாலும், வரப்போகும் உலக குருவுக்கு உரிய உடல் இவனுடையதுதான் என்று முடிவாயிற்று. சபையின் தலைவரான அன்னி பெசன்ட் அவனையும் தம்பி நித்யாவையும் தம் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டார். 1911இல் உலக குருவின் வருகைக்காக ஓர் இயக்கமே தொடங்கப்பட்டது. பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி தந்தை தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகவும், 1914இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் பெசன்டுக்குச் சாதகமாகவும் முடிந்தது.

இந்த வரலாற்றை ஓரளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நீ சாதாரணக் குழந்தை அல்ல’ என்று ஒருவருக்குச் சிறுவயதில் சொல்வது என்ன செய்யும் என்பதற்கு, இவ்வளவு விரிவாகப் பதிவான வாழ்க்கைகள் மிகக் குறைவு. அந்தச் சிறுவனுக்கு நல்ல உணவும் கல்வியும் பரிவும் கிடைத்தன என்பதையும், பள்ளி மந்தம் என்று ஒதுக்கிய ஒருவன் பின்னாளில் உலகெங்கும் கேட்கப்பட்ட சிந்தனையாளரானான் என்பதையும் மறுக்க முடியாது. அதே வேளையில், அவனுடைய நாட்கள் யாவும் மற்றவர்களின் எதிர்பார்ப்புக்குள்ளேயே கழிந்தன. தம்பி நித்யா காசநோயால் வாடியபோது, உலக குருவின் பணிக்கு அவன் தேவைப்படுவதால் உயிர் பிழைப்பான் என்று கிருஷ்ணமூர்த்தி உறுதியாக நம்பியிருந்தார். 1925 நவம்பரில் அவர் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, நித்யா கலிபோர்னியாவில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. 1929 ஆகஸ்ட் 3 அன்று, நெதர்லாந்தின் ஓமன் முகாமில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், தமக்காகவே உருவாக்கப்பட்ட அந்த இயக்கத்தை அவரே கலைத்தார்.

ஒளிவட்டமும் நிறமும்

ஒளிவட்டத்தைக் காண்பதாகச் சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று கருத வேண்டியதில்லை. எழுத்தைப் பார்த்தால் நிறம் தெரிவது, இசையைக் கேட்டால் வடிவம் தோன்றுவது போல, ஒரு புலனின் தூண்டலால் மற்றொரு புலனின் உணர்வும் எழும் நிலை ஒன்று உண்டு. அதைச் சினஸ்தீசியா, புலனிணைவு என்கிறார்கள். இது நோய் அன்று. ஏதேனும் ஒரு வடிவில் ஏறக்குறைய 4 சதவீத மக்களிடம் இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மனிதர்களைக் காணும்போது நிறம் தோன்றும் வகையும் அதில் அடங்கும். டாப் தமக்கும் புலனிணைவு உண்டு என்றே கூறினார். ஆனால், இந்த நிறம் பார்ப்பவரின் மூளையில் தோன்றுவது. பார்க்கப்படும் குழந்தையைச் சுற்றி இருப்பதன்று. புலனிணைவு உள்ள இருவர் ஒரே எழுத்துக்கு ஒரே நிறத்தைக் காண வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது போலவே, இருவர் ஒரே குழந்தைக்கு ஒரே நிறத்தைக் காண வேண்டியதும் இல்லை. ஆரா கேமரா என்ற பெயரில் எடுக்கப்படும் படங்களும், உள்ளங்கையில் பதியும் மின் அளவீடுகளைக் கொண்டு முகப்படத்தின் மேல் நிறங்களை ஏற்றித் தருபவையே.

கருநீலம் நெற்றிப் பொட்டில் உள்ள ஆக்ஞா சக்கரத்தின் நிறம், ஆகவே இக்குழந்தைகளுக்கு மூன்றாம் கண் திறந்திருக்கிறது என்ற விளக்கத்தையும் அடிக்கடி காணலாம். இதைத் தொன்மையான யோக மரபின் கூற்று என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், 16ஆம் நூற்றாண்டில் பூர்ணானந்தர் இயற்றிய ஷட்சக்ர நிரூபணம் என்ற வடமொழி நூல் ஆக்ஞா சக்கரத்தை நிலவைப் போன்ற வெண்மை உடையதாகவே வருணிக்கிறது. ஏழு சக்கரங்களுக்கும் வானவில்லின் ஏழு நிறங்களை வரிசையாகப் பொருத்தியது 20ஆம் நூற்றாண்டு மேற்குலகின் ஆன்மிக எழுத்துகள். அந்த வானவில்லின் ஏழு என்ற கணக்கும்கூட, இசையின் ஏழு சுரங்களுக்கு இணையாக இருக்கட்டும் என்று நியூட்டன் செய்த தேர்வு; அவுரி நீலம் அந்த வரிசையில் இடம்பெற்றது அப்படித்தான்.

பட்டியல் எப்போதும் பொருந்துவது ஏன்?

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். அது தம் குணத்தை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னபோது, சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் தரப்பட்டது ஒரே தாள்தான். அதன் வாக்கியங்களைப் பெரும்பாலும் ஒரு சோதிட நூலிலிருந்து அவர் எடுத்திருந்தார். இண்டிகோ பட்டியலும் இதே முறையில்தான் பொருந்துகிறது என்பது, ஏ.டி.எச்.டி. துறையில் நீண்டகாலம் ஆய்வு செய்த ரஸ்ஸல் பார்க்லி போன்றோரின் கருத்து. கட்டளைக்கு அடங்காத, வரிசையில் நிற்கப் பிடிக்காத, தன் விருப்பத்தை உரக்கச் சொல்லும் நான்கு வயதுக் குழந்தை எந்த வீட்டில்தான் இல்லை? அன்புள்ள பெற்றோருக்கு, தம் குழந்தை கேட்ட ஏதோ ஒரு கேள்வி வயதுக்கு மீறிய ஞானமாகவே தோன்றும்.

அதற்காக, பெற்றோர் கண்டது எல்லாம் மாயை என்று ஆகிவிடாது. அவர்கள் கவனித்த இயல்புகளில் பல உண்மையானவை. அவற்றுக்கு நிறம் தேவைப்படாத விளக்கங்களும் உண்டு. மிகையான அறிவுத்திறன் கொண்ட குழந்தைகளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெருங்கி ஆராய்ந்த லீட்டா ஹாலிங்வொர்த், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 140 உள்ள குழந்தை சாதாரண வகுப்பில் பாதி நேரத்தையும், 170க்கு மேல் உள்ள குழந்தை ஏறக்குறைய முழு நேரத்தையும் வீணாக்குகிறது என்று எழுதினார். அப்படிப்பட்ட குழந்தைகள் தனிமைப்படுவதையும், அதிகாரத்தை எதிர்ப்பதையும், பிறப்பு, இறப்பு பற்றிய கேள்விகளால் மிகச் சிறு வயதிலேயே அலைக்கழிக்கப்படுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ‘இண்டிகோ’ என்ற பெயர் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை இவை. மீத்திறன் குழந்தைகளின் அறிவும் உணர்ச்சியும் உடலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்ற கருத்து 1991இல் ஒரு வரையறையாகவே முன்வைக்கப்பட்டது. ஏழு வயதில் பன்னிரண்டு வயதுக்குரிய புத்தகத்தைப் படிக்கும் பிள்ளை, பென்சில் முனை உடைந்ததற்கு நான்கு வயதுக் குழந்தையைப் போல அழுவது இதனால்தான். மீத்திறனும் ஏ.டி.எச்.டி.யும், அல்லது மீத்திறனும் ஆட்டிசமும், ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுவதால், இரண்டுமே கண்டறியப்படாமல் போகக்கூடும்.

எங்கே தீங்கு தொடங்குகிறது?

நம்பிக்கை நம்பிக்கையாக மட்டும் இருக்கும்வரை, அதில் நன்மையும் இருக்கலாம். குழந்தையிடம் காரணம் சொல்லுங்கள், மிரட்டாதீர்கள், அதன் கேள்விகளை மதியுங்கள், தெரிவுசெய்ய வாய்ப்புக் கொடுங்கள் என்று இண்டிகோ நூல்கள் தரும் அறிவுரைகள் எந்தக் குழந்தைக்கும் ஏற்றவை. பள்ளி கைவிரித்த நிலையில், தன் மகனை மீண்டும் வியப்போடு பார்க்க ஒரு தாய்க்கு இந்தச் சொல் உதவியிருந்தால், அந்த வியப்பைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

தீங்கு தொடங்குவது, பெயர் கிடைத்துவிட்டதால் தேடல் நின்றுபோகும் இடத்தில். இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கிரிஸ்டல் குழந்தைகள் பற்றிய கூற்று. அக்குழந்தைகள் மூன்று, நான்கு வயதுவரை பேசாமல் இருப்பது இயல்பு என்றும், மனத்தோடு மனம் பேசிக்கொள்ளும் ஆற்றல் இருப்பதால் அவர்களுக்குச் சொற்கள் தேவைப்படவில்லை என்றும் எழுதப்பட்டது. மூன்று வயதில் பேசாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது கேட்கிறதா என்பது. கேட்கும் திறன் குறைந்த குழந்தை, தாயின் முகத்தையும் கை அசைவையும் கூர்ந்து பார்த்தே அவர் நினைப்பதை ஊகித்துக்கொள்ளும். அந்தக் கூர்மையைத் தெய்விக ஆற்றல் என்று கருதிவிட்டால், காது கேட்க உதவும் கருவியும் பேச்சுப் பயிற்சியும் மிகுந்த பலன் தரக்கூடிய ஆண்டுகள் கைநழுவிவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும் உதவி அவ்வளவு முக்கியம். ஏ.டி.எச்.டி. உலகளவில் ஏறக்குறைய 5 சதவீதக் குழந்தைகளிடம் காணப்படுகிறது. மரபணுக்களின் பங்கு அதில் பெரிது. எல்லாக் குழந்தைக்கும் மருந்து வேண்டும் என்பதில்லை, அவசரப்பட்டுப் பெயரிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால், ஒரு மருத்துவரின் தவறான முடிவுக்கு மாற்று, இன்னொரு மருத்துவரின் நிதானமான மதிப்பீடு. ஒளிவட்டம் பார்ப்பவரின் உறுதிமொழி அதற்கு ஈடாகாது.

குழந்தையின் காதில் இந்தப் பெயர் விழும்போது நேர்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1998இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிரை விடுவித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக முயன்றாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் விரைவில் ஆர்வம் இழந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் தம் மதிப்பெண்ணை மிகைப்படுத்திப் பொய் சொன்னார்கள். புத்திசாலி என்ற ஒரு சொல்லைக் காப்பாற்றவே பிள்ளைகள் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்றால், ‘உலகத்தை மாற்றப் பிறந்தவன்’ என்ற சொல்லைச் சுமக்கும் பிள்ளை ஒரு கணக்கில் தோற்றால் என்ன செய்யும்? விளையாட்டில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத நண்பர்களோடு சமாதானமாகப் போகக் கற்றுக்கொள்ளுமா, அல்லது அவர்கள் தன்னைவிடத் தாழ்ந்த படியில் இருப்பவர்கள் என்று எண்ணி ஒதுங்கிவிடுமா? இண்டிகோ சமூகத்தை ஆராய்ந்து 2017இல் நூல் வெளியிட்ட பெத் சிங்லர், குழந்தைகளுக்குச் சூட்டப்பட்ட இந்தப் பெயரை வளர்ந்தவர்கள் தாமாகவே தமக்குச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் பெருகியிருப்பதைக் காட்டுகிறார். எங்கும் பொருந்தாமல் போன இளமைக்கு ஒரு விளக்கம் தேடும் ஏக்கம், வயது ஏறினாலும் குறைவதில்லை போலும்.

பெயரைத் தள்ளிவைத்துவிட்டு

இந்தச் சொல்லைத் தேடி வந்த பெற்றோருக்கு என்னால் கூற முடிந்த வழி எளிமையானது. குழந்தை எந்த வகை என்ற கேள்வியை இரண்டு வாரங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில், கண்ணால் கண்டதை மட்டும் எழுதிவர வேண்டும். ‘அடங்க மறுக்கிறாள்’, ‘உள்ளுணர்வு மிக்கவள்’ போன்ற தீர்ப்புகள் அதில் இடம்பெறக் கூடாது. எந்த நாள், எந்த நேரம், சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு என்ன ஆயிற்று என்பவை போதும். குழந்தை நல மருத்துவரோ, வளர்ச்சி மதிப்பீட்டு வல்லுநரோ, ஆசிரியரோ, யாரிடம் போனாலும், எந்தப் பட்டியலையும்விட இந்தக் குறிப்பு அவர்களுக்குப் பயன்படும். பெரும்பாலும், எழுதும் பெற்றோருக்கே அது முதலில் பயன்படும்.

தொடக்கத்தில் சொன்ன சிறுமியின் தாய் அப்படி ஒரு நோட்டை வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் இப்படிச் சில வரிகள் இருக்கக்கூடும்:

திங்கள், காலை 10 மணி. வட்டப் பாட்டு. கைதட்டல் தொடங்கியதும் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பாட்டு முடிந்ததும் தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

புதன், மாலை 6 மணி. வீட்டில் மிக்ஸி ஓடியது. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். நின்றதும் வந்து, “முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

வெள்ளி, காலை 10 மணி. ஆசிரியர் இன்று கைதட்டாமல் மெதுவாகப் பாடச் சொன்னார். வட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வரியிலிருந்து அவளும் பாடினாள்.